பிளக் முனையில் எந்த உலோகம்?

இரிடியம் பிளக் போட்டால் காருக்கு பிக்கப் கூடுமா? களியக்காவிளையிலிருந்து பாறசாலை, அமரவிளை வழியாக நெய்யாற்றின்கரை வரை, ஒர்க்‌ஷாப்புகளில் தமிழிலும் மலையாளத்திலும் எழும் கேள்வி இது.

பெட்ரோல் எஞ்சினில் பிளக்கின் இரு முனைகளுக்கு நடுவே சுமார் 1 மில்லிமீட்டர் இடைவெளி. அதைத் தாண்டிப் பொறி பாய 10,000 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். எஞ்சின் நிமிடத்துக்கு 3000 முறை சுழன்றால் ஒவ்வொரு பிளக்கும் 1500 முறை பொறி விடும். ஒவ்வொரு பொறியும் முனை உலோகத்தைக் கொஞ்சம் அரிக்கிறது. இடைவெளி அகன்றால் இக்னிஷன் காயிலுக்குச் சுமை கூடும், மிஸ்ஸிங் வரும். எரியாத பெட்ரோல் புகைக்குழாய் வழியே போய் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கெடுக்கும்.

‘காப்பர் பிளக்’ என்பதில் செம்பு உள்ளேதான் இருக்கிறது, வெப்பத்தைக் கடத்த. பொறியைத் தாங்குவது நிக்கல் கலவை. நிக்கல் 1455 டிகிரி செல்சியஸில் உருகும். பிளாட்டினம் 1768, இரிடியம் 2446. அதனால் நிக்கல் முனை சுமார் 2.5 மி.மீ. பருமனாக இருக்க, இரிடியத்தை 0.4 மி.மீ. வரை மெலிதாக்க முடிகிறது. மெல்லிய முனையில் மின்புலம் குவிவதால் குறைந்த வோல்ட்டிலேயே பொறி பாயும். புதிதாகப் பற்றிய சுடரின் சூட்டை அது அதிகம் உறிஞ்சுவதும் இல்லை. ஸ்டார்ட்டிங் எளிது, ஐடிலிங் சீர். நிக்கல் பிளக் 20,000 முதல் 40,000 கிலோமீட்டர் வரை உழைக்கும். இரிடியம் ஏறக்குறைய ஒரு லட்சம். ஆனால் நல்ல நிலையிலுள்ள நிக்கல் பிளக்கைக் கழற்றி இரிடியம் மாட்டினால் பிக்கப்பில் பெரிய வித்தியாசம் தெரியாது.

சந்தைக்கும் பள்ளிக்கும் மட்டுமே ஓடும் ஊர்க் கார்களுக்கு வேறொரு தொல்லை. பிளக் 450 டிகிரிக்கு மேல் சூடேறினால்தான் படிந்த கரி எரிந்து போகும். குறுகிய ஓட்டத்தில் அந்தச் சூடு வராது. 800 டிகிரியைத் தாண்டினாலோ, பொறிக்கு முன்பே பெட்ரோல் பற்றிக்கொள்ளும். இந்தச் சூட்டை முக்கியமாகத் தீர்மானிப்பது முனை உலோகம் அல்ல, உள்ளே இருக்கும் பீங்கான் மூக்கின் நீளம். ‘ஹீட் ரேஞ்ச்’ எண் குறிப்பது இதைத்தான்.

சிஎன்ஜி வண்டிகளில் பொறிக்குக் கூடுதல் வோல்ட் தேவை; பிளக் விரைவில் தேயும். டீசல் வண்டிக்கு இந்தக் கவலையே இல்லை. அதில் ஸ்பார்க் பிளக் கிடையாது.

காருடன் வந்த கையேட்டில் உள்ள பிளக் எண்ணையே கேட்டு வாங்குங்கள். இரிடியம் முனையை உப்புத்தாளால் தேய்க்க விடாதீர்கள். மெல்லிய முனை போனால் கொடுத்த காசும் போச்சு.