சோம்பேறிக் கிருமியும் மூன்று மருந்துகளும்

வண்டலூர் என்றதும் உங்களுக்கு உயிரியல் பூங்காதான் நினைவுக்கு வரும். அங்கிருந்து மின்சார ரயிலில் தெற்கே போனால் செங்கல்பட்டு வரும். அதன் அருகே திருமணி என்ற ஊரில், மத்திய தொழுநோய் போதனை மற்றும் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1924இல் லேடி வில்லிங்டன் பெயரில் தொடங்கிய இந்த மருத்துவமனையை, 1955இல் மத்திய அரசு ஏற்றுக்கொண்டது.

தொழுநோய் சாபமும் அல்ல, பரம்பரை நோயும் அல்ல. ஒரு பாக்டீரியாவால் வருவது. 1873இல் நார்வே மருத்துவர் ஹான்சன் இதைக் கண்டுபிடித்தார்.

இந்தக் கிருமி மகா சோம்பேறி! சில பாக்டீரியாக்கள் அரை மணி நேரத்தில் ஒன்று இரண்டாகப் பெருகிவிடும். இதற்கோ சுமார் இரண்டு வாரம் ஆகும். அதனால் நோய் வெளியே தெரியவே சில ஆண்டுகள் ஆகலாம். முதலில் தோலில் வெளிறிய அல்லது சிவந்த தேமல் தோன்றும். தொட்டால் அந்த இடத்தில் உணர்ச்சி இருக்காது. வலிக்காததால் பலர் கவனிப்பதில்லை. கவனிக்காமல் விட்டால் நரம்புகள் கெட்டு, கை கால் ஊனமாகிவிடும்.

முன்பு நீரடிமுத்து எண்ணெயை ஊசியாகப் போட்டார்கள். வலி அதிகம், பலன் குறைவு. 1940களில் டாக்டர் ராபர்ட் காக்ரேன், செங்கல்பட்டில் டாப்சோன் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். நல்ல பலன் கிடைத்தது. ஆனால் ஆண்டுக்கணக்கில் ஒரே மருந்தைக் கொடுத்ததாலும், பலர் நடுவில் நிறுத்தியதாலும், அதற்கு மசியாத கிருமிகள் உருவாகிவிட்டன!

அதனால் 1981இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. ரிஃபாம்பிசின், குளோஃபசிமின், டாப்சோன் ஆகியவைதான் அந்த மருந்துகள். ஒன்றிடம் தப்பும் கிருமி மற்றொன்றிடம் மாட்டிக்கொள்ளும். முதல் வேளை ரிஃபாம்பிசினே பெரும்பாலான கிருமிகளைக் கொன்றுவிடும். பிறகு ஏன் 6 மாதம் அல்லது 12 மாதம் சாப்பிட வேண்டும்? மிச்சமிருக்கும் கிருமிகள் மீண்டும் தலைதூக்காமல் இருக்கத்தான்!

எல்லாத் தேமலும் தொழுநோய் அல்ல, பயப்படாதீர்கள். உணர்ச்சி இல்லாத தேமல் இருந்தால் மறைக்காமல் அம்மா அப்பாவிடமோ ஆசிரியரிடமோ சொல்லுங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து இலவசம். சிகிச்சை பெறுபவர் வீட்டிலேயே இருக்கலாம், பள்ளிக்கும் வரலாம். அவரை ஒதுக்காதீர்கள். எந்த நோயானாலும் சரி, டாக்டர் தந்த மாத்திரையை, "சரியாகிவிட்டதே" என்று நீங்களாகவே பாதியில் நிறுத்தாதீர்கள்!