பார்சலும் பேரேடும்

கைத்தறித் துணியை வெளியூர் வாடிக்கையாளருக்குத் தபாலில் அனுப்பி, அதன் விலையைத் தபால்காரர் மூலமாகவே வசூலித்துக்கொள்ளும் வழக்கம் நமக்குப் புதியதன்று. இந்தியத் தபால் துறை வி.பி.பி. முறையை 1877ஆம் ஆண்டிலேயே தொடங்கிற்று. பழைய சங்கம் எதிலாவது அலமாரியைத் திறந்து பார்த்தால், வி.பி.பி. பதிவேடு என்னும் தடித்த புத்தகம் ஒன்று அகப்படக்கூடும். கட்டின் எண், பெறுபவர் பெயர், ஊர், தொகை, பணம் வந்த தேதி, திரும்பி வந்திருந்தால் அதற்குரிய காரணம் ஆகிய அனைத்தும் ஒரே வரியில் காணப்படும். காலையில் கட்டை நிறுத்துத் தபாலாபீசுக்குக் கொண்டுசென்ற எழுத்தரே மாலையில் பேரேட்டையும் எழுதினார். அனுப்புதலும் கணக்கும் ஒருவர் கையிலேயே இருந்தமையால், இரண்டையும் இணைப்பது எப்படி என்ற கேள்வி அந்நாளில் எழவில்லை.

இன்று நிலைமை வேறு. புடவைக்கான ஆர்டர் இணையக் கடையிலோ கைபேசியிலோ வருகிறது. கட்டு, 1986ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் தேதி தொடங்கப்பெற்ற ஸ்பீடு போஸ்ட் வழியாகவோ, தனியார் கூரியர் வழியாகவோ செல்கிறது. கணக்கு டாலி, ஸோஹோ புக்ஸ் போன்ற மென்பொருளில் எழுதப்படுகிறது. ஒரே முகவரியை மூன்று இடங்களில் மூன்று பேர் தட்டச்சு செய்கின்றனர். மூன்றும் ஒத்திருந்தால் அது தற்செயலே.

எமது சங்கத்தில் ஒரு தீபாவளிப் பருவத்தில் நேர்ந்ததை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். கூரியர் நிறுவனம் ஒன்று வசூலித்து அனுப்பிய தொகைகள் எமது விற்பனைப் பட்டியல்களோடு பொருந்தவில்லை. அவற்றைப் பொருத்திப் பார்க்க ஆறு வாரம் பிடித்தது. அதற்குள் பாவு நூல் வாங்க வைத்திருந்த பணம் வேறு செலவுக்குப் போய், நெசவாளர் கூலி ஒரு வாரம் தாமதமாயிற்று. பணம் களவு போகவில்லை, கூரியரிடம்தான் இருந்தது. ஆனால் எந்தக் கட்டுக்கு எவ்வளவு பாக்கி என்று கேட்பதற்கு எம்மிடம் ஆதாரம் இல்லை. தறியில் அமர்ந்திருப்பவருக்கு இந்த விளக்கத்தால் என்ன பயன்?

இணைப்பு என்று நாம் கூறுவது பெரிய மாயவித்தை அன்று. கணக்கு மென்பொருளில் பட்டியல் போட்டவுடன் பெறுபவர் பெயர், முகவரி, எடை, அளவு, வசூலிக்க வேண்டிய தொகை ஆகியவை மறுபடி தட்டச்சு செய்யப்படாமல் கூரியரின் கணிப்பொறிக்குச் செல்ல வேண்டும். அங்கிருந்து கட்டின் எண், கட்டணம், சேர்ந்த தேதி அல்லது திரும்பிய தேதி, வசூலான தொகை ஆகியவை திரும்பி வந்து அதே பட்டியலின்கீழ் அமர வேண்டும். போவது ஒரு முறை. வருவது பல முறை. தொல்லை பெரும்பாலும் வருவதில்தான் இருக்கிறது.

முதலில் முகவரியைக் கவனிப்போம். ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண் 1972ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. கட்டுகளைப் பிரிப்பதற்காக ஏற்பட்ட இவ்வெண் இன்று வரிக் கணக்கையும் தொட்டு நிற்கிறது. வாங்குபவருக்கே நேராகப் பொருளை அனுப்பும் விற்பனையில், பொருள் போய்ச் சேரும் மாநிலத்தைக் கொண்டே ஜி.எஸ்.டி. தீர்மானிக்கப்படுகிறது. தமிழ்நாட்டுக்குள்ளே சேர்ந்தால் 5 சதவீதப் புடவை வரியை மத்திய வரி 2.5, மாநில வரி 2.5 என்று பிரிக்க வேண்டும்; வெளி மாநிலமாயின் முழுவதும் ஒருங்கிணைந்த வரி. குறியீட்டின் முதல் மூன்று இலக்கங்களைப் பார்த்தே மாநிலத்தை முடிவு செய்யும்படி மென்பொருளை அமைத்துவிடலாமே என்று சிலர் எண்ணுகின்றனர். இது ஆபத்தான சுருக்கு வழி. 605 என்று தொடங்கும் எண்கள் புதுச்சேரிக்கும் உண்டு, விழுப்புரத்துக்கும் உண்டு. 609 மயிலாடுதுறைக்கும் காரைக்காலுக்கும் பொது. புதுச்சேரி ஆட்சியைச் சேர்ந்த மாஹே, கேரளத்துக் கோழிக்கோட்டின் 673 வரிசையில் நிற்கிறது. ஆகவே மாநிலத்தின் பெயர் தனிக் கட்டத்தில், வாடிக்கையாளரைக் கேட்டு நிரப்பப்பட வேண்டும். தபால் வரைபடமும் ஆட்சி வரைபடமும் ஒன்றல்ல என்பதை எழுத்தர்களுக்கு நாம் நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

அடுத்தது எடை. கூரியர்கள் தராசு காட்டும் எடையை மாத்திரம் பார்ப்பதில்லை. பெட்டியின் நீள அகல உயரங்களைச் சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5,000ஆல் வகுத்து, வருவதைக் கன அளவு எடை என்கின்றனர். இரண்டில் எது அதிகமோ அதற்கே கட்டணம். 60க்கு 40க்கு 25 அளவுள்ள பெட்டியில் இரண்டு இலவம்பஞ்சுத் தலையணைகளை அனுப்பினால், உண்மை எடை மூன்று கிலோவாயினும் கட்டணம் 12 கிலோவுக்கு விழும். 30க்கு 20க்கு 20 பெட்டியில் ஐந்து கிலோ மஞ்சள் தூளை அடைத்தால் கன அளவு எடை 2.4 கிலோதான், அங்கே தராசே வெல்லும். எனவே சரக்குப் பட்டியலில் ஒவ்வொரு பொருளுக்கும் எடையோடு கட்டிய பெட்டியின் அளவையும் எழுதி வைக்காவிட்டால், கூரியர் மதிப்பிடும் கட்டணமும் பிறகு அனுப்பும் பில்லும் வேறுபட்டுக்கொண்டே இருக்கும். வகுக்கும் எண் ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறக்கூடியது. கையெழுத்திடும் முன் அதைப் படித்துப் பார்த்தல் நலம்.

இனி பணத்துக்கு வருவோம். இதைச் சற்று நிதானமாகவே பார்க்க வேண்டும்.

ஒரு புடவையின் விலை ரூ. 4,000 என்றும், பட்டியலில் வாடிக்கையாளரிடம் அனுப்பும் செலவாக ரூ. 100 கேட்கிறோம் என்றும் கொள்வோம். புடவையோடு சேர்த்து வாங்கும் அனுப்பும் செலவுக்குப் புடவையின் வரி விகிதமே பொருந்தும். ஆகவே ரூ. 4,100க்கு 5 சதவீதம், அதாவது ரூ. 205 வரி, மொத்தம் ரூ. 4,305. இத்தொகையைக் கட்டைக் கொடுக்கும்போது கூரியர் வசூலிக்கிறார். அவருடைய கட்டணம் ரூ. 120, வசூல் கூலி ரூ. 60, இவ்விரண்டின்மீது 18 சதவீத வரி ரூ. 32.40, ஆகமொத்தம் ரூ. 212.40. இதைப் பிடித்துக்கொண்டு ரூ. 4,092.60ஐ நமது பாங்கிக் கணக்கில் போடுகிறார்.

பாங்கியில் வந்த ரூ. 4,092.60ஐ அப்படியே விற்பனை என்று எழுதிவிடுவது பல சங்கங்களில் நடக்கிறது. அதனால் மூன்று கேடுகள் விளைகின்றன. விற்பனை குறைத்துக் காட்டப்படுகிறது, வரியும் தவறாகிறது. அனுப்பிய செலவு எங்கும் தென்படாமையால், வெளியூர் வியாபாரத்தில் உண்மையில் இலாபமா நஷ்டமா என்பதை நிர்வாகக் குழு அறிய முடிவதில்லை. கூரியருக்குச் செலுத்திய ரூ. 32.40 வரியை உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ளும் உரிமையும் கைநழுவிப் போகிறது. நூற்றுக்கணக்கான கட்டுகளுக்கு இதைப் பெருக்கிப் பார்த்தால், சிறு தொகை என்று ஒதுக்கத் தோன்றாது.

சரியான வழி, கூரியர் ஒவ்வொருவருக்கும் பேரேட்டில் ஒரு வசூல் கணக்கைத் திறப்பதே. கட்டு புறப்பட்ட அன்று அக்கணக்கில் ரூ. 4,305 பற்று எழுதி, விற்பனைக்கும் அனுப்பும் செலவு வசூலுக்கும் வரிக்கும் வரவு வைக்க வேண்டும். கூரியரின் பில் வந்ததும் செலவு ரூ. 180, உள்ளீட்டு வரி ரூ. 32.40 என்று பற்று எழுதி, கூரியருக்கு ரூ. 212.40 வரவு. பணம் வந்ததும் பாங்கிக்குப் பற்று, கூரியருக்கு வரவு ரூ. 4,092.60. அக்கட்டைப் பொறுத்தவரை கூரியர் கணக்கு இப்போது சுழியாகிவிட்டது. சுழியாகாமல் நிற்பவை யாவும் வழியில் இருக்கும் கட்டுகள், அல்லது கேட்டு வாங்க வேண்டிய பாக்கிகள். எமது தீபாவளித் தொல்லைக்கு இந்த ஒரு கணக்கு இருந்திருந்தால் ஒரு பிற்பகலில் விடை கிடைத்திருக்கும். கட்டணத்தைப் பிடிக்காமல் முழுத் தொகையையும் அனுப்பிவிட்டுத் தனியே பில் தருவோரும் உண்டு. கணக்கின் அமைப்பு அதற்கும் மாறாது.

பாங்கிக்கு வரும் தொகை ஒரு கட்டுக்குரியதாக வருவதில்லை. பல கட்டுகளின் வசூல் ஒரே தொகையாக வந்து விழும். அதற்குரிய விவர அட்டவணையில் காணும் கட்டு எண்தான் பட்டியலோடு சேர்க்கும் முடிச்சு. தபால் துறையின் எண்ணில் முன்னே இரண்டு எழுத்துகள், நடுவே ஒன்பது இலக்கங்கள், முடிவில் நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்துகள் இருக்கும். ஒன்பதாவது இலக்கம் முன் எட்டிலிருந்து கணக்கிட்டு எடுக்கப்பட்ட சரிபார்ப்பு இலக்கமாதலால், கையால் தட்டும்போது நேரும் பிழையை மென்பொருள் கண்டுகொள்ள முடியும். வெறும் இலக்கங்களாலான நீண்ட எண்களை எக்செல் அட்டவணையில் போடுவோர் அக்கட்டங்களை எழுத்து வடிவமாக முன்கூட்டியே மாற்றிவிட வேண்டும். இல்லையேல் 15 இலக்கங்களுக்கு மேற்பட்டவை சுழிகளாகிவிடும். இவ்வாறு கெட்ட அட்டவணை ஒன்றை வைத்துக்கொண்டு நாம் ஒரு நாள் முழுவதும் விழித்ததுண்டு.

திரும்பி வரும் கட்டு மற்றொரு தலைவலி. பட்டியலை அழித்துவிடுவது முறையன்று. வரவுச் சீட்டு எழுதி விற்பனையையும் வரியையும் குறைத்து, கூரியர் வசூல் கணக்கிலும் ரூ. 4,305ஐக் கழிக்க வேண்டும். நிதியாண்டு முடிந்து அடுத்து வரும் நவம்பர் 30ஆம் தேதிக்குள், அல்லது ஆண்டு விவரப் படிவம் தாக்கல் செய்வதற்குள், இரண்டில் முந்தியதற்குள் அச்சீட்டை வரிப் படிவத்தில் காட்டியாக வேண்டும். போகவும் வரவும் ஆன கூலி நமக்குச் செலவே. ‘திரும்பியது’ என்ற செய்தி கூரியரிடமிருந்து வந்தவுடனேயே புடவையை இருப்பில் ஏற்றும்படி மென்பொருளை அமைக்கக் கூடாது. கட்டைப் பிரித்து, மடிப்பையும் கறையையும் பார்த்த பின்னரே ஏற்ற வேண்டும்.

இணைக்கும் வழிகள் இரண்டு. நாள்தோறும் சில கட்டுகளே அனுப்பும் சங்கத்துக்கு, கூரியர் தரும் அட்டவணையை இறக்கி மென்பொருளில் ஏற்றுவதே போதும். டாலியும் எக்செல், எக்ஸ்எம்எல் கோப்புகளை ஏற்றுக்கொள்ளும். கட்டுகள் பெருகும்போது இரு கணிப்பொறிகளும் நேரே பேசிக்கொள்ளும் ஏ.பி.ஐ. வழி ஏற்றது. அங்கே ஒரு விதியை விடாது கேட்டுப் பெறுங்கள்: இணையம் இடையே அறுந்து அதே செய்தி இருமுறை வந்தாலும், ஆர்டர் எண்ணைப் பார்த்து இரண்டாவதை மென்பொருள் தள்ளிவிட வேண்டும். இல்லாவிடில் ஒரு புடவைக்கு இரண்டு பட்டியல் விழும். டாலி இச்செய்திகளைப் பெறுவதற்குத் திறக்கும் 9000ஆம் வாயிலைச் சங்கத்தின் உள் இணைப்பிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். வெளி இணையத்துக்குத் திறந்துவிடலாகாது. கடைகளுக்கு மொத்தமாக அனுப்பும் சரக்குக்கு ஈ-வே பில்லும் நினைவில் இருக்கட்டும். பொது வரம்பு ரூ. 50,000, தமிழ்நாட்டுக்குள்ளே ரூ. 1 இலட்சம்.

இவற்றைத் தொடங்கும் நாளில் வழியிலிருக்கும் பழைய கட்டுகளை மறந்துவிடுவது வழக்கம். மொத்தப் பாக்கி இவ்வளவு என்று ஒரே தொகையாகத் தொடக்க இருப்பில் போட்டுவிட்டால், பிறகு வரும் எந்த வசூலையும் அதனோடு பொருத்த முடியாது. ஒவ்வொரு கட்டையும் அதன் எண், பட்டியல் எண், தொகை ஆகியவற்றோடு தனித்தனியே ஏற்ற வேண்டும். தீபாவளிக்கு முந்திய மாதங்களில் இவ்வேலையில் இறங்குவதைவிட, ஐந்தொகை முடித்து ஏப்ரல் முதல் தேதியில் தொடங்குவது எழுத்தருக்கும் தணிக்கையாளருக்கும் வசதி.