நடந்தால் வலி, நின்றால் சரி: ஆடுசதை சொல்லும் சேதி

கால் வலி என்று சொல்லாத விவசாயி யாரும் இல்லை. சேற்றில் நின்றால் வலி, மண்வெட்டி பிடித்தால் வலி, வயசானால் முட்டி வலி. இந்தக் கூட்டத்தில் ஒரு வலி மட்டும் தனி ரகம். அதைக் கவனிக்காமல் விட்டால் காலையே இழக்க நேரலாம் என்பதால்தான் எழுதுகிறேன்.

உட்கார்ந்திருக்கும்போது ஒன்றும் தெரியாது. கொஞ்ச தூரம் நடந்ததும் ஆடுசதை இறுக்கிப் பிடிக்கும். சிலருக்குத் தொடையிலும் புட்டத்திலும் வரும். நின்றால் சில நிமிஷத்தில் போய்விடும். மறுபடி நடந்தால் ஏறக்குறைய அதே தூரத்தில் மறுபடி வரும். மேட்டில் ஏறினால் இன்னும் சீக்கிரம். ஜெர்மன்காரர்கள் இதைக் 'கடை ஜன்னல் நோய்' என்கிறார்கள். வலிக்காக நிற்பவர் கடைக் கண்ணாடியை வேடிக்கை பார்ப்பது போலத் தெரிவாராம். நம்ம ஆட்கள் வரப்பில் நின்று பயிரைப் பார்ப்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

சொட்டுநீர் போட்டவர்களுக்குக் காரணம் சட்டென்று புரியும். குழாயில் உப்புப் படிந்து பாதி அடைத்திருக்கிறது. காலையில் கடைசிச் செடி நன்றாகத்தான் நிற்கும். உச்சிவெயிலில் தேவை கூடும்போது வாடும், சாயங்காலம் நிமிர்ந்துவிடும். காலுக்குப் போகும் ரத்தக்குழாயில் கொழுப்பு படிந்து குறுகும்போதும் இதே கதைதான். சும்மா இருக்கும் தசைக்கு வருகிற ரத்தம் போதும். நடக்கிற தசைக்குப் போதாது. சொட்டுநீர்க் குழாயை ஆசிட் விட்டுக் கழுவலாம். ரத்தக்குழாயை அப்படிக் கழுவ முடியாது. கழுவித் தருகிறோம் என்று வரும் விளம்பரங்களை நம்பிப் பணத்தை விடாதீர்கள்.

படிய வைப்பதில் முதல் குற்றவாளிகள் பீடி சிகரெட்டும் சர்க்கரை நோயும். ரத்தக்கொதிப்பு, கொழுப்பு, வயசு எல்லாம் பின்னால் வருகின்றன. 45 வயசுக்குள் இருக்கும் பீடிக்காரர்களுக்கு 'பர்ஜர்' என்று வேறொரு அடைப்பு நோயும் வரும். அதற்குப் புகையிலையை அடியோடு விடுவதுதான் முக்கிய மருந்து.

எல்லாக் கால் வலியும் இது இல்லை. முதுகெலும்பில் நரம்பு நசுங்கினால் நின்றாலே வலிக்கும், குனிந்தாலோ உட்கார்ந்தாலோதான் குறையும். நரம்புச் சுருட்டு என்றால் காலைத் தூக்கி வைக்கச் சுகம். மருத்துவர் பாதத்தின் மேலும் உள்கணுக்காலுக்குப் பின்னாலும் துடிப்பைத் தொட்டுப் பார்ப்பார். பிறகு கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுப்பார். விடை 0.9 அல்லது அதற்குக் கீழே என்றால் அடைப்பு இருக்கிறது. வங்கியில் விகிதக் கணக்குப் பார்த்தே காலம் தள்ளிய எனக்கு இந்தச் சோதனை ரொம்பப் பிடித்துப்போனது! ஆனால் நாள்பட்ட சர்க்கரைக்காரர்களுக்குக் குழாய் விறைத்துப் போய், கணக்கு கூடுதலாகக் காட்டி ஏமாற்றும். அவர்களுக்கு டாப்ளர் ஸ்கேன் போன்ற சோதனைகளும் தேவைப்படும்.

வைத்தியத்தில் பலரும் நம்பாத விஷயம், வலிக்கிற காலை நடக்க வைப்பதுதான் மருந்து என்பது. முதலில் இதயத்தையும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் கால் குழாய் அடைத்தவருக்கு அங்கேயும் அடைப்பு இருக்க வாய்ப்பு அதிகம். பிறகு சமதரையில் நடங்கள். வலி வந்தவுடன் நிற்காமல், ஓரளவு கடுமையாகும் வரை போய் நில்லுங்கள். வலி முழுசா அடங்கினதும் மறுபடி நடங்கள். நிற்கிற நேரத்தையும் சேர்த்து 30 நிமிஷத்தில் தொடங்கி 45 வரை கூட்டலாம். வாரம் மூன்று நாளாவது, மூன்று மாசம் விடாமல் செய்யணும். அடைப்பு கரையாது, ஆனால் கிடைக்கிற ரத்தத்தை வைத்தே வேலை செய்யத் தசை பழகிக்கொள்ளும். தோட்டத்தில் நாள் முழுக்க அலைவது இதற்கு ஈடாகாது, அதில் வலி வருவதற்கு முன்பே நின்றுவிடுகிறோம்.

எங்கள் பக்கத்துத் தோட்டக்காரர் 58 வயசு, முப்பது வருஷ பீடி. முட்டிக்கு என்று நினைத்துத் தைலம் தேய்த்தே இரண்டு வருஷம் ஓட்டினார். கிணற்றுமேட்டிலிருந்து கீழ்வேலிக்கு மூன்று இடத்தில் நின்று நின்று போவார். நிலத்தைக் குத்தகைக்கு விடும் பேச்சு வரை வந்துவிட்டது. பீடியை விட்டு, மாத்திரையும் நடையுமாக நாலு மாசம். இப்போது ஒரே இடத்தில்தான் நிற்கிறார், குத்தகைப் பேச்சும் நின்றுவிட்டது.

மாத்திரை என்றதும் நம்மில் பலர் முகம் சுளிப்போம். பூண்டும் கீரையும் சிறுதானியமும் நல்ல சாப்பாடு, சாப்பிடுங்கள். ஆனால் கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையும் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையும் மாரடைப்பு, பக்கவாதத்திலிருந்து காப்பவை. இயற்கை விவசாயி என்பதற்காக அவற்றை நிறுத்தக் கூடாது. நடக்கும் தூரத்தைக் கூட்டும் சிலோஸ்டசால் மாத்திரை, இதயம் பலவீனமானவர்களுக்கு ஆகாது. சொந்தமாக வாங்கிப் போடாதீர்கள். இவற்றுக்கும் மசியாவிட்டால்தான் பலூன், ஸ்டென்ட், மாற்றுக்குழாய் அறுவை எல்லாம்.

வெறுங்காலில் மண்ணை மிதிப்பது நமக்கெல்லாம் பிடித்த காரியம். இந்த நோய் இருப்பவர்களுக்கு மட்டும் வேண்டவே வேண்டாம். கருவேல முள் ஒன்று குத்தினாலும் ரத்தம் போகாத பாதத்தில் புண் ஆறாது, அழுகிவிடும். தினமும் ராத்திரி விரலிடுக்கு, உள்ளங்கால் பாருங்கள். கால் சில்லிடுகிறதே என்று சுடுதண்ணீர் ஒத்தடமோ இறுக்கமான கட்டோ போடாதீர்கள்.

படுத்தால் பாதம் வலித்து, கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டால் குறைகிறதா? இரண்டு வாரமாகியும் புண் ஆறவில்லையா? உடனே ரத்தநாள அறுவை மருத்துவர் உள்ள மருத்துவமனைக்குப் போங்கள். திடீரென்று கால் வெளுத்து, சில்லிட்டு, மரத்துப் போனால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஆறு மணி நேரத்துக்குள் ரத்த ஓட்டம் திரும்ப வேண்டும், 108-ஐ அப்போதே கூப்பிடுங்கள்.