வலையும் வலைப்பூவும்

தூத்துக்குடிக்கு வடக்கே, மன்னார் வளைகுடாவின் கரையில் அமைந்த பரதவர் ஊர் தருவைகுளம். அவ்வூரார்க்கு வலை என்பது வாழ்வளிக்கும் கருவி. பெரிய கண்ணிகளையுடையது பருவலை; சிறிய கண்ணிகளையுடையது பொடிவலை. படகிலிருந்து கடலில் இறக்கப்பெற்ற வலை நீரோட்டத்தோடு மிதந்து சென்று, சூரை முதலிய மீன்களைத் தன் கண்ணிகளில் அகப்படுத்தும். வலையை உற்று நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். அதில் நூலைவிட வெற்றிடமே மிகுதி. அவ்வெற்றிடத்தை வலையாக்குவது முடிச்சேயாகும். ஒரு முடிச்சு அவிழ்ந்தால் ஒரு கண்ணி விரியும். பல முடிச்சுகள் அவிழ்ந்தால் அகப்பட்ட மீனும் தப்பும். ஆதலின், கரை மீண்டவர் வலையை விரித்துப் பார்த்துப் பொத்தலைச் செப்பனிட்ட பின்னரே மீண்டும் கடலுக்குச் செல்வர்.

அதே ஊரில் இன்று வலை என்னும் சொல்லுக்கு வேறொரு பொருளும் வழங்குகிறது. உலகெங்கும் உள்ள கணிப்பொறிகள் ஒன்றோடொன்று தொடர்பு கொள்ளும் அமைப்பு இணையம் எனப்படும். அவ்விணையத்தின் வழியே எண்ணற்ற பக்கங்களை ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருப்பது வையவிரிவு வலை. ஜெனீவா நகரத்தை அடுத்த ஐரோப்பிய அணு ஆராய்ச்சி நிலையத்தில் பணிபுரிந்த டிம் பெர்னர்ஸ் லீ என்னும் ஆங்கில அறிஞர் 1989-ஆம் ஆண்டில் இதற்கு வித்திட்டார். ஒரு பக்கத்திலுள்ள சொல்லைத் தொட்டால் மற்றொரு பக்கம் திறக்குமாறு அவர் அமைத்த இணைப்பே இவ்வலையின் முடிச்சு எனலாம்.

இவ்வலையில் தனி மனிதர் தம் எண்ணங்களை நாள் குறித்து எழுதி வைக்கும் வழக்கம் 1990-களில் தோன்றியது. கப்பலில் அன்றாட நிகழ்ச்சிகளைக் குறித்து வைக்கும் ஏட்டிற்கு ஆங்கிலத்தில் 'லாக்' என்பது பெயர். அதனை ஒட்டி, வலையில் எழுதப்படும் இக்குறிப்பேட்டை 1997-இல் 'வெப்லாக்' என்றனர். 1999-இல் அச்சொல் 'பிளாக்' எனக் குறுகிற்று. தமிழர் அதனை வலைப்பதிவு என்றும், வலைப்பூ என்றும் அழகுற வழங்கினர். புதிதாக எழுதியது மேலே நிற்கும். பழையது கீழே செல்லும். ஒவ்வொரு பதிவின் அடியிலும் படிப்போர் தம் கருத்தை எழுத இடம் உண்டு. எழுதியவர் அதற்கு மறுமொழி கூறலாம். வேறொருவர் எழுதியதைப் பாராட்ட விரும்பினாலும், மறுக்க விரும்பினாலும், அதற்கு ஒரு முடிச்சு இட்டுத் தம் கருத்தைத் தொடரலாம்.

இதனால் விளைந்த மாறுதல் சிறிதன்று. முன்பு ஒருவர் தம் கருத்தைப் பலர் அறியச் செய்ய வேண்டுமாயின், தாளும் அச்சுப்பொறியும் வேண்டும். அவற்றிற்குப் பொருள் வேண்டும். இதழாயின் ஆசிரியரின் இசைவும் வேண்டும். வலைப்பூவிலோ, எழுதுபவரே ஆசிரியர், அவரே அச்சிடுவோர், அவரே வெளியிடுவோர்.

எழுத்தைப் பலரிடம் கொண்டு செல்லும் முயற்சி முத்துக்குளித்துறைக்குப் புதியதன்று. 1554-ஆம் ஆண்டில் போர்ச்சுகல் நாட்டு லிஸ்பன் நகரில் தமிழ்மொழியில் அமைந்த ஒரு சிறு சமய நூல் அச்சாயிற்று. ஆயினும், தமிழ் எழுத்து அச்சு அக்காலத்தில் இன்மையால், தமிழ்ச் சொற்கள் உரோமன் எழுத்திலேயே பதிக்கப்பட்டன. இருபத்துநான்கு ஆண்டுகள் கழிந்தபின், 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் பதினாறு பக்க நூல் தமிழ் எழுத்திலேயே வெளிவந்தது. இக்கடற்கரையில் நெடுங்காலம் வாழ்ந்து தமிழ் கற்ற அண்டிரிக் அடிகளார் அதனை ஆக்கினார். அச்சுப் பணிக்கு இக்கரைப் பரதவர் பொருளுதவி புரிந்தனர். அவர் இயற்றிய 'அடியார் வரலாறு' என்னும் பெருநூல் 1586-இல் வெளிவந்தது. அக்கால அச்சில் மெய்யெழுத்திற்குப் புள்ளி இல்லை. ஆதலின், எழுத்து தமிழே ஆயினும், படிப்போர் இடம் நோக்கிப் பொருளறிந்தே படித்தனர்.

நானூறு ஆண்டுகள் கழித்து இணையம் வந்தபோது, இவ்வரலாறு மீண்டும் நிகழ்ந்தது. தொடக்கத்தில் கணிப்பொறி வழியே மடல் எழுதிய தமிழர், லிஸ்பன் நூலைப் போலவே, தமிழை உரோமன் எழுத்தில் எழுதினர். பின்னர், வெவ்வேறு நாடுகளில் வாழ்ந்த தமிழர் தத்தம் முயற்சியால் தமிழ் எழுத்துருக்களை அமைத்தனர். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-இல் 'முரசு' என்னும் மென்பொருளை ஆக்கினார். 1995-இல் சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழிகளில் வெளியிட்ட இணையத்தளத்தில் தமிழும் இடம்பெற நா. கோவிந்தசாமி உழைத்தார். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் 1998-ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் மதுரைத் திட்டத்தைத் தொடங்கிப் பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றும் பணிக்கு வழிவகுத்தார்.

எனினும், ஓர் இடர் எஞ்சி நின்றது. ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கெனத் தனிக் குறியீட்டு முறையைக் கொண்டிருந்தது. ஒருவர் ஓர் எழுத்துருவில் எழுதியனுப்பியதை, அவ்வெழுத்துரு இல்லாத கணிப்பொறியில் திறந்தால், பொருளற்ற குறிகளே தோன்றும். எழுதியவர் எழுதினார், படிப்பவர்க்கோ எட்டவில்லை. உலக மொழிகளின் எழுத்துகள் ஒவ்வொன்றிற்கும் தனித்தனி எண் வகுத்த யூனிகோடு என்னும் பொதுமுறையில் தமிழ் 1991-ஆம் ஆண்டிலேயே இடம்பெற்றிருந்தது. கணிப்பொறிகள் அம்முறையை ஏற்றுப் பரவலாக வழங்கத் தொடங்கிய பின்னரே அவ்விடர் நீங்கலாயிற்று.

தமிழ் வலைப்பூக்கள் 2003-ஆம் ஆண்டளவில் மலரத் தொடங்கின. சிதறிக் கிடந்த அவற்றை ஓரிடத்தில் திரட்டிக் காட்டும் 'தமிழ்மணம்' என்னும் தளத்தைக் காசி ஆறுமுகம் 2004-இல் நிறுவினார். அதுவரை எழுத்தாளர் என்று அழைக்கப்பெறாத பலர் எழுத முன்வந்தனர். இல்லத்தரசியர் எழுதினர், அயல்நாட்டில் கூலிக்கு உழைப்போர் எழுதினர், போரினால் பிறந்த மண்ணை இழந்த ஈழத்தமிழர் தம் ஊர் நினைவுகளை எழுதினர். ஊர்ப் பேச்சு, உழவு, சமையல், திரைப்படம், அரசியல் என எல்லாம் அங்கே இடம்பெற்றன.

2004-ஆம் ஆண்டு திசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்து தமிழகக் கரையையும் இலங்கையையும் பிற நாடுகளையும் தாக்கியது. அப்போது வலைப்பதிவர் பலர் கூடிப் பொதுப் பதிவொன்றைத் தொடங்கினர். காணாமற்போனோர் யாவர், எவ்விடத்தில் எவ்வுதவி வேண்டும், உதவ முன்வந்தோர் யாவர் என்னும் செய்திகளை அதில் தொகுத்து வெளியிட்டனர். தனித்தனி மனிதர் எழுதிய சிறு குறிப்புகள், முடிச்சிடப்பெற்றபோது, துயருற்றோர்க்கு உதவும் ஒரு பெருவலையாயின.

ஆயினும், இவ்வலைக்கும் பொத்தல் உண்டு. முதலாவது பொய். ஆசிரியர் ஒருவர் ஆராயாமல் எதனையும் வெளியிடலாம் என்னும் உரிமை, ஆராயாமல் எதனையும் பரப்பும் பழக்கமாக மாறிவிடக் கூடாது. ஐதராபாத்திலுள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம், அலையின் உயரத்தைக் கணித்து மீனவர்க்கு அறிவிக்கின்றது. அத்தகைய எச்சரிக்கையோடு, எவரோ புனைந்த புயற்செய்தியும் அதே கைப்பேசியில் வந்து சேரக்கூடும். பொய்யை நம்பியவர் தொழிலை இழப்பர். பொய்களால் சலிப்புற்று மெய்யையும் நம்பாதவர் உயிரையே இழக்க நேரும். ஆதலின், செய்தி பிறந்த இடம் அறிந்த பின்னரே பிறர்க்கு அனுப்புதல் வேண்டும்.

இரண்டாவது அழிவு. இணையத்தில் ஏற்றியது என்றும் நிற்கும் எனப் பலர் எண்ணுகின்றனர். அது பிழை. பலர்க்கும் விலையின்றி இடமளித்த 'ஜியோசிட்டீஸ்' என்னும் தளம் 2009-இல் பெரும்பாலும் மூடப்பட்டபோது, அங்கிருந்த எண்ணற்ற பக்கங்கள் மறைந்தன. வலைப்பூக்களை எழுதியோர் பலர் பின்னர் முகநூல் முதலிய இடங்களுக்குச் சென்றனர். அங்கு எழுதுவது எளிது. நேற்று எழுதியதைத் தேடி எடுப்பதோ அரிது. 1578-இல் அச்சான தம்பிரான் வணக்கத்தின் படி இன்றும் அமெரிக்க நாட்டு ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளது. தாள் வலிமையுடையது என்பதனால் அன்று. யாரோ ஒருவர் அதனைப் போற்றிக் காத்தனர் என்பதனாலேயே அது நிலைத்தது.

இன்று இக்கடற்கரையில், கடல் மீளும் மீனவர் சிலர் தம் தொழிலைத் தாமே படம் பிடித்து, தம் வழக்குமொழியிலேயே விளக்கி, இணையத்தில் வெளியிடுகின்றனர். நீரோட்டம், மீன்வகை, வலைவகை பற்றிய அறிவு, இதுகாறும் தந்தை மகற்குச் செவிவழியாக உரைத்தது. இனி உலகோர்க்கும் உரியது. அவ்வறிவு அழியாமல் நிற்க வேண்டுமாயின், அதனை எழுத்திலும் குறித்து, படியெடுத்து, ஓரிடத்திற்கு மேற்பட்ட இடங்களில் காத்தல் வேண்டும்.

வலையைக் கடலில் வீசுவதோடு மீனவர் பணி முடிவதில்லை. பொத்தலை அடைத்து, முடிச்சை இறுக்கி, மறுநாளைக்கு ஆயத்தம் செய்தாலன்றி வலை பயன்தராது. எழுத்தும் அத்தகையதே. தாய்மொழியில் எழுதுதல், மெய்யே எழுதுதல், எழுதியதைக் காத்தல் ஆகிய மூன்றும் அவ்வலையின் முடிச்சுகள். அவை அவிழாமல் காப்பது எழுதுவோர், படிப்போர் ஆகிய இருவர்க்கும் கடனாகும்.