எடையே பகையான விமானம்

சிங்கவரம் சென்றவர்கள் வழியில் செஞ்சிக் கோட்டையின் மதில்களைக் கண்டிருப்பீர்கள். கல்லின் கனம் கூடக்கூட மதிலுக்கு உறுதி கூடும். விமானம் கட்டுவோரின் கணக்கோ நேர்மாறானது. அங்கே ஒவ்வொரு கிலோவும் பகை.

தொழிலதிபர்களும் அதிகாரிகளும் தத்தம் அலுவலுக்கென வைத்துக்கொள்ளும் நடுத்தர ஜெட் விமானங்கள் மேலைநாடுகளில் 1960-களிலேயே பறக்கத் தொடங்கிவிட்டன. நம் நாட்டில் அவ்வகைப் பணிக்குமாக உருவானது, பெங்களூர் நேஷனல் ஏரோஸ்பேஸ் லேபரட்டரீஸ் வடிவமைத்த 'சரஸ்'. 14 பேர் அமரக்கூடிய இது ஜெட் அன்று. இரண்டு டர்போபிராப் என்ஜின்கள் கொண்டது. அவற்றின் விசிறிகள் வாலருகே இருந்து விமானத்தைப் பின்னின்று தள்ளுகின்றன. பயணியர் அறையில் இரைச்சல் குறைய இது நல்ல ஏற்பாடு.

ரஷ்ய நிறுவனம் ஒன்றுடன் கூட்டாகத் தொடங்கிய வேலை இது. சோவியத் ஒன்றியம் சிதைந்தபின் பணமுடையால் அவர்கள் விலகிக்கொண்டனர். 1998 போக்ரான் அணுசோதனையை அடுத்து வந்த அமெரிக்கத் தடையும் இடையூறாயிற்று. ஒருவழியாக 2004 மே 29 அன்று முதல் விமானம் வானேறியது.

ஆனால் 4,125 கிலோ இருக்க வேண்டிய அதன் வெற்று எடை ஏறத்தாழ 900 கிலோ மிகுந்துவிட்டது. ஆளுக்கு 75 கிலோ எனக் கணக்கிட்டுப் பாருங்கள். எவரும் ஏறுமுன்பே பன்னிரண்டு பேரைச் சுமந்து நிற்கும் விமானம் அது! அந்த அளவுக்குப் பயணிகளையோ எரிபொருளையோ குறைத்தாக வேண்டும். எனவே எடை குறைத்து, 1,200 குதிரைத்திறன் என்ஜின்கள் பூட்டிய இரண்டாம் விமானத்தை 2007-இல் பறக்கவிட்டனர்.

2009 மார்ச் 6 அன்று, நடுவானில் ஓர் என்ஜினை நிறுத்தி மீண்டும் இயக்கிப் பார்க்கும் சோதனை நடந்தது. என்ஜின் நின்றால் பயணிகள் பிழைப்பார்களா என்பதை அறியும் சோதனை அது. பிடதி அருகே விமானம் வீழ்ந்தது. விமானப்படையைச் சேர்ந்த விமானிகள் இருவரும் பொறியாளர் ஒருவரும் உயிரிழந்தனர். விபத்து என்றாலே விமானியின் மீது பழியைப் போட்டுவிடுவது எளிது. இங்கோ, என்ஜினை மீண்டும் இயக்க வடிவமைப்பாளர்கள் வகுத்துத் தந்த முறையே தவறானது என விசாரணை கூறியது. போதிய உயரத்தில் அதைச் செய்யவில்லை என்பதும் சுட்டப்பட்டது.

அதன்பின் பணி பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது. திருத்தியமைத்த முதல் விமானம் 2018 ஜனவரி 24 அன்று மீண்டும் பறந்தது. அடுத்து அவர்கள் வரைந்தது 19 இருக்கைகள் கொண்ட பெரிய வடிவம்.