சேற்றில் உறங்கும் தலைமுறை

அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் உள்ள நாரகன்செட் விரிகுடாவைத் துடுப்புக்காலிகள் என்னும் நுண்ணிய ஓட்டுடலிகளில் இரண்டு இனங்கள் முறைவைத்து ஆண்டுவந்தன. இரண்டும் அகார்ஷியா பேரினத்தைச் சேர்ந்தவை; நீளம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான். குளிர்காலத்திலும் வசந்தத்திலும் ஹட்சோனிகா பெருகியது. கோடையிலும் இலையுதிர்காலத்திலும் டோன்சா.

ஒன்றின் முறை வரும்போது மற்றது எங்கே போகிறது? நீரில் வலையிட்டுத் தேடினால் அகப்படாது, அடிச்சேற்றை அள்ளிப் பார்க்க வேண்டும். நல்ல பருவத்தில் இடும் முட்டைகள் சில நாட்களில் பொரிந்துவிடும். நீர் சூடேறத் தொடங்கினாலோ ஹட்சோனிகா வேறு வகை முட்டைகளை இடுகிறது. குதிரில் கிடக்கும் விதைநெல்லைப் போல அவை கோடை முழுவதும் அடியில் கிடந்து, நீர் குளிர்ந்த பிறகே பொரிகின்றன. டோன்சாவின் முட்டைகள் சேற்றில் கழிப்பது குளிர்காலத்தை.

மேலே வண்டல் படிந்து ஆக்சிஜன் எட்டாமல் போனால் பொரிப்பு இன்னும் தள்ளிப்போகும். எவ்வளவு காலம்? அதே மாநிலத்தின் பெட்டாகுவாம்ஸ்கட் கழிமுகத்துச் சேற்றை கடலியலாளர் நான்சி மார்க்கஸின் குழுவினர் அடுக்கடுக்காக ஆராய்ந்து 1994இல் முடிவை வெளியிட்டார்கள். ஏறத்தாழ 40 ஆண்டு பழைய முட்டைகளிலிருந்தும் குஞ்சுகள் வெளிவந்தன! சில வாரங்களே வாழும் ஓர் உயிர் தன் சந்ததியை இத்தனை காலம் காத்துவைப்பது என்னை இன்றும் வியக்கவைக்கிறது.

இந்த ஏற்பாட்டைக் குலைத்திருப்பது சீப்பு ஜெல்லி. நெமியோப்சிஸ் என்னும் இந்த உயிரினத்தில் ஒரே உடலில் ஆண்மையும் பெண்மையும் உண்டு. இரை கிடைத்தால் நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் முட்டையிடும். துடுப்புக்காலிகளே அதன் முக்கிய இரை. 1950களில் அது உச்சம் தொட்டது கோடையின் கடைசியில். அதற்குள் டோன்சா பெருகி முட்டையிட்டிருக்கும். பின்னர் வசந்தகால நீர் வெப்பமானதால், நூற்றாண்டின் இறுதிக்குள் ஜெல்லியின் உச்சம் கோடைத் தொடக்கத்துக்கே வந்துவிட்டது. டோன்சாவுக்குக் கிடைத்துவந்த இடைவெளி பறிபோனது. ஒருகாலத்தில் கோடையை ஆண்ட அந்த இனம், அதே கோடை மாதங்களில் விரிகுடாவின் நடுப்பகுதியில் ஏறக்குறைய இல்லாமலே போனது.

கடலின் சராசரி வெப்பம் எத்தனை டிகிரி கூடியது என்பதை மட்டும் பார்த்தால் இந்த இழப்பு கண்ணில் படாது. எந்த வாரத்தில் எது முட்டையிட்டது, எது அதைத் தின்ன வந்தது என்று வாரந்தோறும் பார்க்க வேண்டும். ஜெல்லி குளிர்காலத்தைக் கழிப்பது ஆழமற்ற சிறு குடாக்களில். திறந்த நீரைவிட அவை விரைவில் சூடேறுவதால், அது முந்திக்கொண்டு பெருகி வெளியே பரவுகிறது. அங்கே டோன்சாவோடு மீன் முட்டைகளையும் மீன் குஞ்சுகளையும் சேர்த்தே தின்கிறது.