புயல் படத்தில் கூம்பு ஏன் போகப் போக அகலமாகிறது?

டிவியில் புயலின் பாதையைச் சுற்றி ஒரு கூம்பு வரைகிறார்களே, கவனித்திருக்கிறீர்களா? புயலின் அளவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அது கணிப்பின் சந்தேகத்தைக் காட்டுகிறது.

திருச்சியில் பஸ் ஏறிய மாமா தாம்பரத்துக்கு எத்தனை மணிக்கு வருவார்? ‘நாலு மணி, முன்னே பின்னே ஒரு மணி நேரம்’ என்பீர்கள். தாம்பரத்துக்குச் சற்று முன்னே இருக்கும் பெருங்களத்தூரிலிருந்து அவர் போன் செய்தால் நிமிஷக் கணக்கிலேயே சொல்லிவிடலாம்.

இந்த ‘முன்னே பின்னே’யை வானிலைத் துறை எப்படி அளக்கிறது? முந்தைய புயல்களில் தன் கணிப்பு எத்தனை கிலோமீட்டர் தவறியது என்ற கணக்கை வைத்துத்தான். ஒரு நாள் முன்பு சொன்னதில் பிழை குறைவு. மூன்று நாள் முன்பு சொன்னதில் அதிகம். கூம்பும் அப்படியே விரிகிறது.

ஆனால் கூம்பு புயல் மையத்துக்கு மட்டுமே. மழைக்கு எல்லைக்கோடு கிடையாது. 2023 டிசம்பர் 5-ல் மிக்ஜாம் புயல் கரை கடந்தது ஆந்திராவின் பாபட்லா அருகே. முந்தைய நாளே இங்கே தாம்பரம் பக்கத்து முடிச்சூரில் வெள்ளம். அடுத்த புயலுக்குக் கூம்போடு மழை எச்சரிக்கையின் நிறத்தையும் பாருங்கள்.